தண்ணி ஓடினால்தான் பத்தும்

சுவாமி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த கஜானிக்குப் பாத்ரூமுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டக். சின்னச் சத்தம்தான், யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்ததுபோல. அதைத் தொடர்ந்து, போத்தலுக்குள் அடைபட்ட வண்டு இரைவதைப்போல ஒன்று மெல்ல எழுந்து, அந்தி மங்கும் மம்மல் பொழுதின் காகச் சத்தங்களுக்கும் பின்வளவுப் பனையோலைகளின் உரசலுக்கும் அடியால் ஊர்ந்து வந்து, அவள் விரல்களை அப்படியே நிறுத்தியது.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

எண்ணெய்க் கையோடு போய்க் கதவைத் தள்ளினாள். சுவரில் புது ஹீற்றர். அதன் சிவப்பு விளக்கு அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அணைந்தது. குழாய் இறுக்கி மூடியபடிதான் இருந்தது. ஆனால் நிலம் நனைந்திருந்தது. அந்த ஈரத்தின் நடுவே, கதிரைக் கால்களின் அளவில், நான்கு வட்டங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன.

தாங்கி இல்லாத ஹீற்றர் அது. தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சுடவைக்காது. குழாயைத் திறந்ததும் பற்றி, மூன்று மூச்சுக்குள் சுடுதண்ணீர் தரும், மூடியதும் அணையும். சுவிஸிலிருந்து கணவன் சுபாஸ்கரன் தன் தாய்க்கென்று ஏற்பாடு செய்து, புரட்டாதியில் பெட்டியாக வந்து சேர்ந்தது. ஐப்பசியில் கஜானிக்கு விசா வந்தது.

"அம்மாவை விட்டிட்டு எப்பிடி வரப்போறாய், கஜா? அவ இருக்கும்வரைக்கும் பொறு" என்றான் அவன் தொலைபேசியில்.

அவ இருக்கும்வரைக்கும். அந்தச் சொல்லைக் கஜானி பல நாள் வாய்க்குள் வைத்து உருட்டினாள். கல்யாணமாகி ஏழு வருசம். அவனோடு வாழ்ந்தது எழுபத்திமூன்று நாள். பெட்டி பிரிக்கப்படாமல் கட்டிலுக்கடியில் போனது.

மாமி இரத்தினம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருசம். இடது கை மொட்டுப்போலப் பொத்தியபடி இறுகிவிட்டது. பேச்சில் மிஞ்சியது, போதும் என்பதற்கான ஒரே ஒரு சொல்: காணும். ஒவ்வொரு மம்மலிலும் கஜானி அவவைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, சரிந்து விழாமல் பழஞ்சேலைக் கிழிசலால் கட்டி, கூரைத் தாங்கியின் மார்கழித் தண்ணீரைத் தலையில் வார்த்தாள்.

"காணும்" என்பா மாமி, பல் கிட்டித்து.

"இன்னும் ஒரு வாளிதான், மாமி" என்பாள் கஜானி, மெதுவாக.

ஒருநாளும் ஏசவில்லை. கை நீட்டவில்லை. பிறகு துவாயால் துடைத்து, பவுடர் போட்டு, யன்னலைத் திறந்துவிடுவாள். தனக்குள் குனிந்து பார்த்தபோதெல்லாம் அங்கே வெறுப்பு என்று எதுவும் தென்படவில்லை. ஓர் அவசரம் மட்டுமே இருந்தது. வெறும் தண்ணீர்தானே. ஊரெல்லாம் குளிக்கிற தண்ணீர். "ஹீற்றர் சுவரிலை பூட்டியாச்சு, மாமிக்கு நல்ல சுகம்" என்று சுவிஸுக்குச் சொன்னபோது குரல் நடுங்காதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

தையில் சளி நெஞ்சில் கட்டி மாமி செத்துப்போனா. அழுவதற்கு முன்னால் கஜானி செய்த முதல் வேலை, கறண்ட் வேலை செய்யும் றமேஸைக் கூப்பிட்டதுதான். உறவுக்காரர் வருவார்கள். லீவு கிடைக்காத சுபாஸ்கரன் செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்ப்பான். ஹீற்றர் சுவரில் இருந்தாக வேண்டும்.

மறுநாள் பிரேதத்தைக் குளிப்பாட்டும்போது, கமரா தன் பக்கம் திரும்பியதைக் கண்டு, ஆவி பறக்கும் வாளியோடு முன்னால் வந்தாள்.

பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து அவள் கையைப் பிடித்தா. "என்ன பிள்ளை செய்யிறாய்? செத்த உடம்புக்குப் பச்சைத்தண்ணிதான் வாக்கிறது. சூடு பட்டால் உடம்பு ஆறாது. போக மனம் வராது."

"மாமிக்குப் பச்சைத்தண்ணி ஒத்துவராது, அன்ரி. ஒவ்வொரு நாளும் சுடுதண்ணியிலைதான் வாத்தனான்."

சுவிஸில் சுபாஸ்கரன் விம்மும் சத்தம் தொலைபேசிக்குள்ளிருந்து கேட்டது. கஜானி வார்த்தாள். தோளில், மார்பில், பொத்திய இடது கையில். இரண்டு வருசமாகத் திறவாத அந்தக் கை, சூடு பட்டதும், விரல் விரலாக விரிந்தது.

அதை அவள் மட்டுமே கண்டாள்.

மாமி செத்து இன்று முப்பதாம் நாள். நேற்று மம்மலில் கேட்ட சத்தத்தைச் சொன்னதும், காலையில் றமேஸ் வந்து குறட்டால் ஹீற்றரைத் தட்டிப் பார்த்தான்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை, அக்கா. தண்ணி ஓடினால்தான் பத்தும். ஆரோ திறக்கினம்."

"நான் தனிய இருக்கிறன், தம்பி."

"அப்ப மாமிதான். இருந்த காலத்திலை பூட்டாமல், போனாப் பிறகு பூட்டினால் வராமல் என்ன செய்வா?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "பகிடிக்குச் சொன்னனான். கழட்டி விடட்டோ?"

"வேண்டாம்!" குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "அவர் வாறார். நாளைக்கு அந்தியேட்டிக் கிரியை. சுவரிலை இருக்கட்டும். பூட்டின நாளை மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதையும்."

றமேஸ் ஓமென்று தலையாட்டினான். பிறகு வயரை மட்டும் கழற்றி, முனைகளுக்குக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி, தண்ணீர் வரும் வால்வையும் இறுக்கி மூடினான். விடிய ஆறு மணிக்கு வந்து திரும்பப் பூட்டித் தருவதாகச் சொல்லிப் போனான். கஜானி பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வாழைகளுக்குப் பின்னால் சேற்றில் எறிந்தாள்.

ஒரு இரவுதான். நாளைக்குக் கிரியை. வாற கிழமை விமானம்.

மம்மலில் சுபாஸ்கரனின் அழைப்பு வந்தது.

"கட்டுநாயக்காவிலை இறங்கீட்டன், கஜா. விடிய வந்திடுவன். வந்த உடனை அம்மா குளிச்ச சுடுதண்ணியிலை ஒருக்காத் தோயவேணும் போலை கிடக்கு. நீ அவவைப் பாத்த மாதிரி ஆரும் பாக்கமாட்டினம்."

"ஓம்" என்றாள். "வாங்கோ."

போனை ஹோல் மேசையில் வைத்தாள்.

டக்.

வயர் இல்லை. வால்வு மூடிக் கிடக்கிறது. அவளுக்கு அது தெரியும். ஆனாலும் இரைச்சல் எழுந்தது. பாத்ரூம் கதவின் அடியால் ஆவி கசிந்து, சிமெந்துத் தரையில் தவழ்ந்து வந்தது. பவுடர் மணம். ஈரச் சேலை மணம். ஓடவேண்டும் என்று நினைத்தாள். வெளியே ஓடி யாரிடம் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும், அந்த ஒன்றைச் சொல்லவேண்டி வரும்.

கதவைத் திறந்தாள்.

சிவப்பு வெளிச்சம். ரேப் சுற்றிய வயர் முனைகள் சும்மா தொங்கின. குழாயின் கீழே கதிரை. கால்களில் வாழையடிச் சேறு.

எப்போது அதில் அமர்ந்தாள் என்று கஜானிக்குத் தெரியவில்லை. இடுப்பைச் சுற்றிச் சேலைக் கிழிசல். முடிச்சு பின்னால். அவள் போடுகிற அதே முடிச்சு.

முதல் தண்ணீர் இதமாக விழுந்தது. அவ்வளவு இதம். கண் தானாக மூடியது. ஒரு கை அவள் கூந்தலைக் கோதி, தண்ணீரை வேர்வரைக்கும் இறக்கியது, குழந்தைக்குத் தோய வார்ப்பதுபோல.

ஹீற்றரின் முகப்பில் சூட்டின் எண் தெரிந்தது. முப்பத்தெட்டு.

நாற்பத்திரண்டு.

"காணும்" என்றாள் கஜானி.

நாற்பத்தொன்பது. தோள் எரிந்தது. கத்த வாயைத் திறந்தாள். வேறு சொல் வரவில்லை.

"காணும்... காணும்..."

காதோரம் ஒரு குரல். கோபமே இல்லை. இரண்டு வருசமாக அந்த வாய் சொல்லாத சொற்கள்.

"இன்னும் ஒரு வாளிதான், பிள்ளை."

ஹோலில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

வாளி நிரம்பும் சத்தம்.

எண் அறுபதில் நின்றது. ஆவிக்குள்ளிருந்து இரண்டு கைகள் வாளியைத் தூக்கின. இரண்டும் நன்றாக விரிந்திருந்தன.