ஒன்பது வாய்ச் சோறு

அறையில் மருந்துப் பட்டை வாசனை அடித்தது. முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் ஒட்டிக்கொள்வார்களே, கற்பூரமும் புதினாவும் கலந்தது போல மூக்கில் ஏறுமே, அதே வாசனை. பேக்கரியில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து, அதே அறையில் கூட இருந்த தாமி அக்கா தினமும் இரண்டு ஒட்டிக்கொள்வாள். அவள் செத்து இன்றோடு நாற்பத்தொன்பது நாள். அவளுடைய துணி, மெத்தை, செருப்பு எல்லாவற்றையும் அவள் அம்மா சொந்த ஊரான பூசானுக்கு அள்ளிக்கொண்டு போயாயிற்று. மழையில் ஜன்னலும் சாத்தியே இருந்தது. யெரிம் ஒரு தரம் மோந்து பார்த்தாள். பிறகு ஃபோனைத் தாங்கியில் செருகி, சரியாக மதியம் ஒரு மணிக்குச் சிரித்தாள்.

"செல்லங்களா, சாப்டாச்சா?"

முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் விளக்குவது, பரு கிள்ளுவது, காதலன் விட்டுப் போனதற்கு மூக்கு ஒழுக அழுதது, யெரிம் எதைத்தான் நேரலையில் காட்டவில்லை? யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாலு பேர் பார்த்தால்தான் தான் இருப்பதே அவளுக்கு உறைக்கும். இன்றைக்குக் காட்ட வேண்டியது தாமி அக்காவுக்குப் படைப்பது. முள்ளங்கி போட்ட மாட்டிறைச்சி சூப், பொரித்த மீன், ஒரு பேரிக்காய், கிண்ணம் நிறையச் சோறு. சோற்றின் நடுவில் ஸ்பூனைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினாள். வருகிறவள் உள்ளே வர வாசற்கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்தாள்.

படைத்த பிறகு வீட்டார் வெளியே போய்விட வேண்டும். செத்தவர் ஒன்பது வாய் உண்ணும் நேரம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

'கேமராவை நிறுத்தலியா அக்கா?' என்று ஒருத்தி எழுதினாள். 'அவங்க சாப்பிடறதைப் பாக்கக் கூடாதே.'

"அட, நீங்கல்லாம் என்ன வேத்தாளா? தாமி அக்கா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டா."

ஃபோனை ஓடவிட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் வராந்தாவுக்கு வந்தாள். கருத்துகளைப் படிக்க, வீட்டு வைஃபையில் மட்டும் ஓடுகிற, சிம் இல்லாத பழைய ஃபோன் கையில் இருந்தது.

இதே வராந்தாதான். தாமி இங்கேதான் கிடந்தாள். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யெரிம் சுவரில் சாய்ந்தாள். மழைத் தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தமும், யாரோ காலையில் வறுத்துவிட்டுப் போன நெத்திலி வாசனையும் தவிர, எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட கட்டடத்தில் வேறொன்றும் இல்லை.

"நீ தின்னு, தூங்கு, எதை வேணா காட்டித் தொலை. அந்த ஜன்னலை மட்டும் காட்டாதடி. அவன் கண்டுபிடிச்சிருவான். உன் கால்ல வேணா விழறேன்" என்று தாமி கெஞ்சியிருந்தாள். அவன் என்றால் அவளுடைய பழைய புருஷன்.

"போக்கா, உன் ஜன்னலை யாரு பாக்கப் போறா?"

செர்ரி பூத்த அன்று எல்லோரும் கேட்டார்கள் என்று யெரிம் ஜன்னலைக் காட்டினாள். பூவோடு சேர்ந்து எதிர்ப் பல் மருத்துவமனையின் பெயர்ப் பலகையும் தெரிந்தது. ஆறு வாரத்தில் அவன் இடத்தைக் கண்டுபிடித்து வந்துவிட்டான். சாட்சி இல்லை என்று அவனை வெளியே விட்டுவிட்டார்கள். யெரிம் அன்று வீட்டில் இல்லை. போலீசுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது.

'அக்கா யாரது?'

'முதுகு காட்டி உக்காந்திருக்கறது யாரு?'

திரையில் படையலுக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை. பேக்கரி ஏப்ரன். பின்கழுத்தில் ஒரு பட்டை. சோற்றில் நின்ற ஸ்பூன் மேலே போனது. இறங்கியது. மறுபடி போனது. யெரிம் எண்ணினாள்.

ஏழு. எட்டு.

ஒன்பது.

கதவு சாத்திக்கொண்டது. எண் பூட்டு தன் சின்ன இசையை வாசித்தது. யெரிம் எண்களை அழுத்தினாள். தவறு. மறுபடி. தவறு.

திரையில் அவள் திரும்பினாள். யெரிமின் முகம். யெரிமின் உதட்டுச் சாயம். யெரிமின் குரல்.

"செல்லங்களா, ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன். தாமி அக்கா கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. நான் கதவுத் துளை வழியா பாத்தேன். அவனையும் பாத்தேன். உள்தாழ்ப்பாளைத் தொறக்கல. ஜன்னலைக் காட்டினது யாருன்னு கேப்பாங்களேன்னு வாயே தொறக்கல. இன்னிக்கு நாலு மணிக்குப் போலீஸ்ல அவனை அடையாளம் சொல்லப் போறேன்."

"அக்கா, வேணாம்க்கா!" யெரிம் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "தப்புதான்க்கா! கதவைத் தொற!"

"வாங்க, வீட்டைச் சுத்திக் காட்டறேன். இதான் அந்த ஜன்னல். கீழ்க்கதவு நம்பர் எழுபத்தஞ்சு பதினொண்ணு." படம் ஆடி ஆடி நகர்ந்து வாசற்கதவின் துளையில் ஒட்டிக்கொண்டது. திரையில் இப்போது வராந்தா. வளைந்த வராந்தாவில் வாய் பிளந்த ஒரு பெண். "நான் இப்ப வெளியதான் நிக்கறேன். மூணாவது மாடி. செருப்புகூட இல்ல. தனியாத்தான்."

காப்பாத்துங்க. யெரிம் எழுதினாள். போலீஸைக் கூப்பிடுங்க. இது நடிப்பு இல்ல.

'சூப்பரா நடிக்கிறீங்க அக்கா!'

'ஐயோ மயிர்க்கூச்செறியுது!'

படம் வைக்காத ஒரு கணக்கு, இதுவரை ஒன்றுமே எழுதாதது, எழுதியது.

'எதிர்லதான் இருக்கேன்.'

கீழ்க்கதவில் நான்கு எண்கள் ஒலித்தன.

மேலே மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. கீழே போக ஒரே படிக்கட்டு. அதில் காலடி. அவசரமே இல்லாத காலடி. முதல் மாடி. இரண்டாவது. யெரிம் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ மூச்சுவிட்டார்கள். திறக்கவில்லை.

அவன் திருப்பத்தில் நின்றான். நனைந்த சட்டை. இடது கையில் ஃபோன். திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையை. சரிதான் என்பது போலத் தலையசைத்து, கட்டைவிரலால் ஒருமுறை தொட்டான்.

அவள் கையிலிருந்த ஃபோனில், அவள் முகத்தின் மேல், ஒரு சிவப்பு இதயம் மெல்ல மேலேறியது.