நூல் சேரலைப்பா

தையற்கடைக்காரரின் காருக்கு வயதும் அதிகம், கோபமும் அதிகம். தானாகவே கியர் மாறும் கார் அது. ஆனால் மாறும்போதெல்லாம் 'தொப்'பென்று ஒரு குலுக்குக் குலுக்கும். பின் இருக்கையில் தூங்கும் குட்டித் தம்பி திடுக்கிட்டு விழித்துக்கொள்வான். அப்புறம் வீடு வந்து சேரும்வரை ஒரே அழுகைக் கச்சேரிதான்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. பிள்ளை முழிக்காம ஒரு சுத்து போயிட்டு வந்தா வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். முழிச்சிட்டான்னா வித்துடலாம்."

பட்டனுக்கு அது பிடிக்கவில்லை. பட்டன், தையற்கடைக்காரரின் மகள். ஆள் சின்னவள், முகம் வட்டம், அதனால் அந்தப் பெயர். அந்தக் காரின் பின் கண்ணாடியில் விரலால் படம் வரைந்துதான் அவள் வளர்ந்தாள். மழை நாட்களில் அதற்குள் உட்கார்ந்துதான் கதைப் புத்தகம் படிப்பாள். வேறு யாரோ அதை ஓட்டிக்கொண்டு போவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"கியர் ஆயிலை மாத்தினா சரியாயிடும்," என்றார் அப்பா. "நானே மாத்திடுவேன். ஒரு போல்ட்டைக் கழட்டணும், பழசை வடிக்கணும், புதுசை ஊத்தணும். சட்டைக்குக் காலர் வைக்கிறதைவிடச் சுலபம்."

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. வேடிக்கை பார்க்க மாமாவும் வந்துவிட்டார். அவர் அம்மாவின் அண்ணன். சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, டீக் கோப்பையோடு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஊசி நூலெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"டீயைக் குடிங்க மச்சான், ஆறிடப் போகுது," என்றார் அப்பா.

துணி எடுத்துக் கொடுப்பது பட்டனின் வேலை. கடையில் வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டுகள் ஒரு கூடை நிறைய இருந்தன. காருக்கு அடியில் மட்டும் வரவே கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் அப்பா, கியர் ஆயிலின் அளவு பார்க்கும் நீளக் கம்பியை உருவி, ஒரு துண்டில் துடைத்தார். துணியில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"புதுசுல நல்ல சிவப்பா இருந்திருக்கும். இப்பப் பாரு, மங்கிப் போச்சு."

பட்டனுக்கு அந்த நிறம் பிடித்திருந்தது. துண்டைத் தூக்கிப் போட மனம் வராமல் சுவர்மேல் விரித்து வைத்தாள்.

ஆயில் இளகட்டும் என்று அப்பா கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டார். பிறகு முன் சக்கரங்களை இரும்புச் சாய்மேடைகளின்மேல் ஏற்றி நிறுத்தினார். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். பழைய சட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டே காருக்கு அடியில் புகுந்தார். ஸ்பேனர் 'கிறீச்'சென்றது. போல்ட் கழன்றது. எண்ணெய் 'மளமள'வென்று சட்டியில் இறங்கியது.

மாமா குனிந்து எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, கன்னங்கரேல்னு இருக்கு. என் நரைமுடிக்குப் பூசிக்கலாம் போல."

"இவ்வளவு அழுக்கு இருந்தா வண்டி குலுக்காம என்ன செய்யும்?" என்றது அடியிலிருந்து அப்பாவின் குரல்.

எல்லாம் வடிந்ததும் போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு அப்பா வெளியே வந்தார். புது கியர் ஆயில் டப்பாவைத் திறந்தார். அது பழச்சாறு மாதிரி பளபளவென்று சிவப்பாக இருந்தது.

பட்டன் தரையில் சிந்தியிருந்த கறுப்பு எண்ணெயை ஒரு துண்டால் துடைத்தாள். அதைக் குப்பையில் போடப் போனவள், சுவர்மேல் இருந்த முதல் துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

கடையில் நூலின் நிறம் துணியோடு சேருகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். இரண்டு துண்டுகளையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். ஒன்று செங்கல், இன்னொன்று மை. ஒரே ஆயில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாக இருக்குமா?

அப்பா அதற்குள், கம்பியை உருவிய கியர் குழாயில் புனலைச் செருகிவிட்டார்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் மாமா அங்கேயே இருக்கிறாரே. அவர் காதில் விழுந்தால் போதும், அடுத்த வருடம் வரை அப்பாவை ஓட்டித் தள்ளிவிடுவார்.

கடையில் அப்பா தப்பான நூலை எடுத்தால், வந்தவர்கள் எதிரில் அவள் "தப்பு" என்று சொல்லவே மாட்டாள். பக்கத்தில் போய் மெதுவாக ஒன்று சொல்வாள். இப்போதும் அப்படியே அப்பாவின் முழங்கையைத் தொட்டாள்.

"நூல் சேரலைப்பா."

அப்பாவின் கை நின்றது. பட்டன் உள்ளங்கையை விரித்து இரண்டு துண்டுகளையும் காட்டினாள். அப்பா ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி காருக்கு அடியில் போனார்.

அங்கே கொஞ்சம் பின்னால், முதல் போல்ட்டைப் போலவே அச்சு அசலாக இன்னொரு போல்ட் இருந்தது.

வெளியே வந்தவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டனுக்குப் பயமாகப் போய்விட்டது. ஆனால் அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான், நான் வடிச்சது கியர் ஆயில் இல்ல, என்ஜின் ஆயில். இவ மட்டும் பார்க்கலைன்னா, நிறைஞ்சு கிடக்கிற கியருக்குள்ள இன்னும் ஊத்திட்டு, சொட்டு எண்ணெய் இல்லாத என்ஜினை ஸ்டார்ட் பண்ணியிருப்பேன். என்ஜின் வெந்து போயிருக்கும். அப்புறம் விக்கிறதுக்குக்கூட வண்டி இருந்திருக்காது."

மாமா சிரித்த சிரிப்பில் பாதி டீ சட்டையில் கொட்டியது. "காலர் வைக்க வேண்டிய இடத்துல பாக்கெட் வச்சிட்டீங்களே மாப்பிள்ளை."

"ஆமா. சிரிச்சு முடிச்சிட்டா கடைக்குப் போய் என்ஜின் ஆயில் வாங்கிட்டு வாங்க."

மாமா சைக்கிளை எடுத்தார். தெருமுனை திரும்பும்வரை அவர் சிரிப்பு கேட்டது.

அப்பா இரண்டாவது போல்ட்டைக் கழற்றினார். பட்டன் மூன்றாவது துண்டில் ஒரு சொட்டு வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதே செங்கல் நிறம்.

"இப்பச் சேருதுப்பா."

வடிந்தது எவ்வளவோ அவ்வளவு சிவப்பு ஆயில் உள்ளே போனது. மாமா வாங்கி வந்தது என்ஜினுக்குப் போனது. காரைக் கீழே இறக்கி, என்ஜின் ஓட ஓட, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றி, கம்பியில் அளவும் பார்த்தாகிவிட்டது.

சாயங்காலம் தம்பி தூங்கியதும் அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்தார். பட்டன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அப்பா கியரை நகர்த்தினார். பட்டன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

'தொப்' வரவே இல்லை. கார் அது பாட்டுக்கு நகர்ந்தது. தம்பி தூக்கத்தில் சப்புக் கொட்டினான், அவ்வளவுதான். தெருவைச் சுற்றி, கடைவீதியைச் சுற்றி, வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பட்டன் சத்தமில்லாமல் கை தட்டினாள்.

வாசலில் காத்திருந்த மாமா ஓடிவந்து கார்க் கூரையில் 'தடதட'வென்று தட்டினார். "என்ன மாப்பிள்ளை, ஜெயிச்சாச்சா?"

தம்பி வீல் என்று அலறினான்.

பட்டன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இது கணக்குல வராதுதானே?"

அம்மா தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பிள்ளையை எழுப்பினது வண்டி இல்ல, எங்க அண்ணன். வேணும்னா அவரை வித்துடலாம்."