போறணையில் கருகாத சிவப்பு

செலஸ்ரீனா வந்தபோது பிரசாந்தினி சோற்றில் கை வைத்திருந்தாள். போர்கோ வெக்கியோ என்ற இத்தாலியச் சந்தைக்கு மேலிருந்த அந்த வீட்டின் முன்னறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். கணவன் உமாசுதனுக்குத் துறைமுகத்தில் வேலை. லீவு நாட்களில் மனைவியின் வழக்குகளை அவளைவிட ஆர்வமாகத் துரத்துவான்; அன்றும் லீவுதான்.

"அக்கா, நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரேக்கு நஞ்சு வைச்சனாம்," என்று சொல்லிவிட்டு செலஸ்ரீனா விம்மினாள்.

ஒரேத்தோப் பகுதியில் தனியாக வாழும் கயெத்தானோ என்ற முதியவரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்பவள் அவள். கடுமையான வயிற்றுவலியும் மறதியுமாக அவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். இரத்தத்தில் ஈயம் கலந்திருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். மகள் லொரேதானா, சமையலறை அலுமாரியில் ஒரு டப்பா நிறையச் சிவப்புத் தூளைக் கண்டெடுத்து, எல்லாம் செலஸ்ரீனாவின் கலப்பட மிளகாய்த்தூளால் வந்த வினை என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். நாளை குவெஸ்தூரா பொலிஸ் தலைமையகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுக்கப்போகிறாளாம்.

"வேலை இல்லாட்டி இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ அனுமதியும் புதுப்பிக்கேலாது. ஆனா அதைவிட, அவருக்கு நான் அப்பிடிச் செய்வனோ அக்கா?"

"அந்த டப்பா உன்ரையோ?"

"இல்லை. என்ரை தூள் போத்திலிலை இருக்கு. அதைத்தான் என்ரை வீட்டுக் கறிக்கும் போடுறன்."

"அவர் என்ன சாப்பிடுறவர்?"

"மத்தியானம் நான் கேஸ் அடுப்பிலை சமைக்கிறதை ரெண்டு பேரும் ஒண்டாயிருந்து சாப்பிடுவம். இரவிலை அவரே போறணை அடுப்புக்குள்ளை கம்பியிலை பாணை வைச்சுச் சூடாக்குவார். கொஞ்ச காலமா அந்தப் போறணையைத் துடைக்கவும் விடுறாரில்லை."

பிரசாந்தினி கை கழுவ எழுந்தாள். "இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ."

ஒரேத்தோவில் கயெத்தானோவின் வீட்டுக் கதவைத் திறந்த லொரேதானாவின் கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன. தகப்பனுக்காகப் பயந்துபோயிருந்தாள். மறுப்பேதும் சொல்லாமல் சமையலறையைக் காட்டினாள். உமாசுதன் டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சிவப்புத் தூள்தான் பிரசா! நீர் வந்து பாரும்."

"மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனீங்கள். தும்மல் வந்ததோ?"

"வரேல்லை. மணமுமில்லை," என்றான் அவன் யோசனையோடு.

அவள் போறணைக்கு முன்னால் மண்டியிட்டாள். உட்கண்ணாடியிலும் கம்பியிலும் சிவப்புத் துளிகள் மினுங்கின. நகத்தால் சுரண்டினாள்; அசையவில்லை. கம்பித் தட்டை வெளியே இழுத்தபோது பின்மூலையிலிருந்து ஏதோ உருண்டு வந்தது. ஒரு முனை மழுங்கிய சிறிய சிவப்புக் குண்டு. வீட்டுச் சாவியால் கீறினாள். சிவப்புக்கு அடியில் மென்மையான சாம்பல்நிற உலோகம் தெரிந்தது.

"உங்கள் அப்பா துப்பாக்கி சுடுபவரா?" என்று பிரசாந்தினி இத்தாலிய மொழியில் கேட்டாள்.

லொரேதானாவின் முகம் மாறியது. "முன்பு சுடும் கழகத்துக்குப் போவார். வீட்டிலேயே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பார். குழலில் ஈயம் ஒட்டாமலிருக்க வண்ணத்தூள் பூசிப் போறணையில் சுட்டெடுப்பார். அதற்கென்று பால்கனியில் தனியாக ஒரு சின்னப் போறணை இருந்தது. அம்மா இறந்தபிறகு, இந்த வயதில் இது எதற்கு என்று நான்தான் அதை எறிந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னாரே!"

"விடவில்லை," என்றாள் பிரசாந்தினி அமைதியாக. "மிளகாய்த்தூள் இந்தச் சூட்டில் கருகிக் கறுத்துப்போகும். இது உருகி எனாமல் போல ஒட்டியிருக்கிறது. டப்பாவில் இருப்பது குண்டுக்குப் பூசும் வண்ணத்தூள். பால்கனியில் செய்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு இங்கேயே ஈயத்தை உருக்கியிருக்கிறார் போலிருக்கிறது. புகையும் தூசியும் அவர் நெஞ்சுக்குள்தான் போயிருக்கும். குண்டு சுட்ட கம்பியிலேயே இரவில் பாண். செலஸ்ரீனா சமைத்ததை அவளும்தானே சாப்பிட்டாள்? அவளுடைய இரத்தத்தையும் அந்த மிளகாய்த்தூளையும் சோதித்துப் பாருங்கள்."

லொரேதானா கதிரையில் தொப்பென்று இருந்தாள். "அப்படியானால் நான் அந்தப் போறணையை எறிந்ததால்தான்..."

"அவருக்கு நல்லது என்று நினைத்துச் செய்தீர்கள்."

சில நாட்களில் சோதனை முடிவுகள் வந்தன. செலஸ்ரீனாவின் இரத்தத்திலும் மிளகாய்த்தூளிலும் ஈயக் கலப்பில்லை. அன்று பின்னேரம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கயெத்தானோ மெலிந்திருந்தார். மகளைத் தாண்டி, வாசலில் தயங்கி நின்றவளைத்தான் அவருடைய கண்கள் தேடிப் பிடித்தன.

"செலஸ்ரீனா, ஏன் பார்க்க வரவில்லை? என்மேல் கோபமா?"

அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. லொரேதானா தலைகுனிந்தபடி தானே சொன்னாள். கிழவர் தலையணையிலிருந்து எழ முயன்றார்.

"பாவம், அவளையா? நான்தான் உருக்கினேன். அவள் கோயிலுக்குப் போகும் ஞாயிறு காலையில், நான் கழகத்துக்குக் கிளம்பும் முன்."

"ஏன் அப்பா?"

"எனக்குக் கண் மங்கிவிட்டது. இனிச் சுட முடியாது. ஆனால் என் குண்டுகள் நன்றாக இருக்கும் என்று கழகத்தில் சொல்வார்கள். அதைக் கொண்டுபோனால்தான் யாராவது என்னை எதிர்பார்ப்பார்கள். வெறுங்கையோடு வரும் கிழவனோடு யார் கதைப்பார்கள்?"

செலஸ்ரீனா கட்டிலோரம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லொரேதானா அவள் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னித்துவிடு. திரும்பி வருவாயா?"

"எனக்குக் கோபம் இருக்கிறது, சிஞ்ஞோரா. கொஞ்ச நாளைக்கு இருக்கும்," என்றாள் செலஸ்ரீனா. "ஆனால் நாளைக்கு இவருக்குச் சூப் கொண்டுவருவேன்."

உமாசுதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். பிரசாந்தினி அவன் முழங்கையைத் தொட்டாள். இருவரும் மெல்ல வெளியே நடந்தார்கள். கதவு முழுதாகச் சாத்தப்படாததால் உள்ளே பேசுவது கேட்டது.

"அப்பா, ஞாயிறு எத்தனை மணிக்குக் கழகத்துக்குப் போவீர்கள்?"

கட்டில் கிரீச்சிட்டது.

"பத்துக்கு. நீ நித்திரையாயிருப்பாய்."

"எழும்புவேன்," என்றாள் லொரேதானா. "நானும் வருகிறேன். வெறுங்கையோடுதான் போவோம்."