ஒரே பெயரில் இன்னொன்று

அந்த மடிக்கணினிக்கு மூன்று நாளாக அவள் வீடு பிடிக்கவில்லை.

வேலைக்கு உட்கார்ந்ததும் திரையின் மூலையில், அலுவலகம் போட்டுக் கொடுத்த வி.பி.என். என்ற பாதுகாப்பு மென்பொருளின் சிவப்புப் பூட்டு ஒன்று வந்து நிற்கும். ‘நீங்கள் பாதுகாப்பற்ற பொது நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள்.’ பொதுவாம்! மூன்றாம் மாடியில், தாழிட்ட கதவுக்குள், அவளும் ஆறு வயது மகளும் மட்டும் இருக்கிற வீடு. போன வாரம் பேருந்து நிலையத்து வைஃபையில், ஊரே கூடி உட்கார்ந்திருந்த இடத்தில், வாயைத் திறக்காத அதே வி.பி.என். சொந்த வீட்டுக்கு வந்ததும் கத்துகிறது.

மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பூட்டு பச்சையாகாமல் ஒரு கோப்பும் திறக்காது. இன்று மாலைக்குள் சரியாகவில்லை என்றால் நாளை அலுவலகம் வந்தே ஆக வேண்டும் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் கப்பலில். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அனலாய்க் கொதிக்கிற குழந்தையை நாள் முழுக்கத் தனியாக விட்டுவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்?

மதியம் மூன்று மணிதான். ஆனால் வெளியே மழை இருட்டிக்கொண்டு பெய்ததில் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரச் சுவரின் வாடையும், காயாத துணியின் வாடையும், ஆறிப்போன காப்பியின் வாடையும் ஒன்றாய்க் கலந்து அடித்தன. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியிலிருந்தே வைஃபை வழியாக அலுவலக ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டு, மேலாளர் வைத்த கெடுவைச் சொல்லி, தன் திரை அங்கேயும் தெரியும்படி பகிர்ந்தாள்.

“பயப்படாதீங்க மேடம்,” என்றார் அந்தப் பக்கம் எடுத்த மனிதர். குரலிலேயே அலுப்பு தெரிந்தது. “வி.பி.என். சில நேரம் இப்படித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்கல்ல? அந்தக் கதைதான்.”

அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். நெட்வொர்க்கை ‘பொது’விலிருந்து ‘வீடு’ என்று மாற்றினாள். ரவுட்டரில் பாஸ்வேர்டையும் மாற்றினாள். பூட்டு அசையவில்லை, சிவப்பாகவே நின்றது. ஒரு நிமிடம் அவர் பக்கத்தில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

“மேடம், உங்க வைஃபைக்கு என்ன பேரு?”

“மாடி வீடு. நான் வச்ச பேருதான்.”

“‘மாடி வீடு’ ரெண்டு தெரியுதே உங்க ஸ்கிரீன்ல.”

பார்த்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே பெயர், இரண்டு வரி. மேலே இருந்ததில் சிக்னல் தொண்ணூறு. கீழே இருந்ததில் நாற்பது.

“பக்கத்து வீட்ல யாராவது வச்சிருப்பாங்களோ சார்?” என்று கேட்டாள். கேட்கும்போதே எதிர் வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடப்பது ஞாபகம் வந்தது.

“பேரு வேணா ஒண்ணா இருக்கலாம் மேடம். இப்ப அஞ்சு நிமிஷம் முன்னாடி நீங்க மாத்தின பாஸ்வேர்டு அதுக்கும் தெரிஞ்சிருக்கே? அதான் வி.பி.என். கத்துது. கம்ப்யூட்டருக்கு எது அசல், எது போலின்னு தெரியாது. எது கிட்ட இருக்கோ அதைப் போய்ப் பிடிச்சுக்கும்.” மறுபடி கீபோர்டைத் தட்டினார். “லேப்டாப்பைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள நடங்க. ரெண்டாவது எங்க ஏறுதுன்னு பார்ப்போம். பழைய போன் எதாவது ஆன்ல கிடக்கும்.”

திறந்த மடிக்கணினியைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு நடந்தாள். சமையலறையில் முப்பத்தைந்து. நடைவழியில் அறுபது. குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. மழைக்கு மரம் ஊறி இறுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே நடந்தாள். படுக்கையறை வாசலில் எண்பது.

அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் மழை சளசளத்தது. கட்டிலில் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் எண் ஏறியது. எண்பத்தைந்து. தொண்ணூற்றிரண்டு. கட்டிலருகே தொண்ணூற்றெட்டு.

“கட்டில்ல என்ன சார் இருக்கப் போகுது...” என்றாள்.

மடிக்கணினியைத் தரையில் வைத்துவிட்டு, குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கன்னம் ஜில்லென்று இருந்தது. அப்பாடா, காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்று நாளில் அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. ஒரு கையால் தலையணையைப் புரட்டினாள், மெத்தையைத் தூக்கினாள், கட்டிலடியில் குனிந்தாள். ஒன்றும் இல்லை.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அப்படியே கூடத்துக்கு வந்தாள். கட்டிலைவிட்டு இத்தனை தூரம் வந்தும் எண் இறங்கவில்லை. தொண்ணூற்றெட்டு.

“சரி மேடம், ரவுட்டரையே ஆஃப் பண்ணிப் பாருங்க.”

சுவிட்சைத் தட்டினாள். ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. மேல்வரி மறைந்தது. கீழ்வரி மட்டும் நின்றது. சிவப்புப் பூட்டு ஒருமுறை சுழன்று, பச்சையாயிற்று. ‘இந்த நெட்வொர்க் பாதுகாப்பானது.’

“பாருங்க, சரியாயிடுச்சு!” ஹெல்ப்டெஸ்க்காரருக்கு ஒரே சந்தோஷம். “நாளைக்கு ஆபீஸ் வரவேண்டாம். கம்ப்ளெய்ன்டை முடிச்சிடறேன் மேடம்.”

“சார், ரவுட்டர் ஆஃப்ல இருக்கு. நீங்க எப்படி என்கிட்ட பேசறீங்க? சார்?”

அவர் வைத்துவிட்டிருந்தார்.

யாரோ வீட்டுக்குள் இருக்கிறார்கள். அது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. செருப்புகூடப் போடவில்லை. வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். தோளில் பிள்ளை, கையில் திரை. படி. படி. இரண்டாம் மாடி. ஈரமான சுவர். எரியாத விளக்கு. முதல் மாடி.

நின்றாள்.

திரையைப் பார்த்தாள். இரண்டு கான்கிரீட் தளங்களுக்குக் கீழே வந்துவிட்டாள். தொண்ணூற்றெட்டு.

மேலே கதவு தட்டப்பட்டது. உள்ளிருந்து. சின்னக் கை.

“அம்மா! பாத்ரூம்லதான் இருந்தேன்... எங்கம்மா போன? கதவைத் தொறம்மா. உடம்பெல்லாம் சுடுதும்மா.”

மடிக்கணினி கைநழுவிப் படியில் உருண்டது. ஓடணும். மேலே ஓடணும். கழுத்தைச் சுற்றிக் கிடந்த கைகள் மெல்ல இறுகின. சில்லென்று. அவள் வாயைத் திறந்தாள். கண்ணு என்று கூப்பிட. சத்தமே வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

தோளில் கிடந்தது தலையை நிமிர்த்தியது. மாடியைப் பார்த்தது. பிறகு அவள் குரலில், அவளே மகளைக் கொஞ்சும் அதே குழைவோடு, கூப்பிட்டது.

“அழாத கண்ணு. இதோ அம்மா வந்துட்டேன்.”

மேலே தட்டுவது நின்றது. குழந்தை நம்பிவிட்டது.