மூளையால் ஓர் அடி

"ஐயோ... ராஜகுமார் சாருக்க தலை!"

மாணவி குளோரியின் அலறலில், குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கூடமே கிடுகிடுத்தது.

சைக்காலஜி லேபின் பின்வாசலில், மதில் ஓரமாகக் குப்புறக் கிடந்தார் பிளஸ் டூ சைக்காலஜி வாத்தியார் ராஜகுமார். பக்கத்தில், பாடம் நடத்த வைத்திருந்த பிளாஸ்டர் மூளை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அவருடைய சொந்த மூளை தப்பியது. உயிர் இருந்தது... நினைவு இல்லை!

ஆம்புலன்ஸ் நாகர்கோவிலுக்குப் பறந்தது. போலீஸ் ஜீப் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த லிஜோவைப் பிடித்து ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலுக்குத் திரும்பியது.

அவனோடு பிளஸ் டூ படிக்கும் டெல்சி அதைப் பார்த்தாள். வகுப்பில் அவளுக்குப் பிடித்த ஒரே ஜீவன் அவன்தான். படிப்பு ஏறாது. மதில் மட்டும் நன்றாக ஏறுவான்.

நேராகப் போய் இன்ஸ்பெக்டர் முருகதாஸ் முன்னால் நின்றாள். மனிதர் கோயம்புத்தூர்க்காரர். மாற்றலாகி வந்த புதுசு.

"சார்... லிஜோ ஒண்ணும் செய்யல்ல. அவன விடுங்க."

"சாட்சி இருக்குது அம்மிணி! அந்தக் குளோரிப் பொண்ணு கண்ணால பார்த்திருக்குது. 'லிஜோ சாடுனான்'னு சொல்லுச்சு. சாடுனான்னா... தாக்கினான்!"

டெல்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ சார்! எங்க ஊர்ல சாடுனான்னா குதிச்சான்! நாங்க மதில் சாடுவோம், குளத்துல சாடுவோம். ஏட்டி குளோரி, நீ என்னத்தட்டி கண்ட?"

அங்கேயே நின்றிருந்த குளோரி மூக்கை உறிஞ்சினாள்.

"லிஜோ மதில் சாடி வெளிய போனான். அதாக்கும் கண்டேன். சார் அப்பம் நின்னுட்டுதான் இருந்தாரு. 'ஏலே, நில்லுல'ன்னு சத்தம் போட்டாரு. பொறவு நான் தண்ணி குடிச்சிட்டு வந்தா... விழுந்து கெடக்காரு!"

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீங்க 'எதால அடிச்சான்'னுதானே சார் கேட்டீங்க?"

டெல்சி விடவில்லை.

"அதாக்கும் சார் தப்பு! சைக்காலஜில மொதப் பாடமே இதுதான். கேள்விக்குள்ளயே பதில ஒளிச்சு வச்சுக் கேட்டா, எதிர்ல நிக்க ஆளு நம்ம வழிக்கு வந்துருவான்."

"அடேங்கப்பா..." முருகதாஸ் மீசையைத் தடவினார். "ஏட்டய்யா, பையன எறக்கி விடுங்க."

லிஜோ இறங்கினான். டெல்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"கெட்டிக்காரப் புள்ள!" முருகதாஸ் சிரித்தார். "குளோரியக் கேக்கறதுக்கு முன்னாடியே லிஜோ செய்யலேன்னு அடிச்சுச் சொன்னே பாரு... அதுதான் எனக்குப் புடிச்சுது. ஆமா... அந்த மூளையத் தூக்கி எத்தனை தடவை போட்டே? ரெண்டா, மூணா?"

"சீ... ஒரே ஒரு அடிதான் சார்! லிஜோவுக்கு டீசி குடுக்கணும்னு பிரின்ஸிபாலுக்கு போன் போட்டாரு, அதான்..."

வாயைப் பொத்திக்கொண்டாள்.

லேட்!

லிஜோ வாய் பிளந்து நின்றான். இவளா... எனக்காகவா?

முருகதாஸ் ஜீப் கதவை மரியாதையாகத் திறந்து பிடித்தார்.

"ஏறு அம்மிணி... போற வழியில ரெண்டாம் பாடத்தையும் சொல்லிக் குடுத்துரு!"