மீதிச் சொல்

பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்த தலைமையாசிரியை மங்கையர்க்கரசிக்கு வயிறுதான் எரிந்தது.

முன்னால் அறிவியல் ஆசிரியர் தங்கதுரை தொண்டை வறள நடத்திக்கொண்டிருந்தார். மனிதரைக் குறை சொல்ல முடியாது, உயிரைக் கொடுத்து நடத்துகிறவர்.

"ஒளி காத்துலேர்ந்து தண்ணிக்குள்ள போனா என்ன ஆகும்? வளை..."

"யும்" என்றது வகுப்பு, கூரை அதிர.

"அதுக்குப் பேரு ஒளிவில..."

"கல்."

பிள்ளைகள் முகத்தில் அத்தனை உற்சாகம். ஒவ்வொரு மேசை மூலையிலும் இருந்த பொட்டு விளக்கு மட்டும் இருட்டாகவே கிடந்தது.

சிந்தைமானி வந்து ஓராண்டு ஆகிறது. மேசையில் பதித்த அந்தச் சில்லு, எதிரே இருப்பவரின் நெற்றியில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தே மூளை வேலை செய்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று சொல்லிவிடும். யோசித்தால் விளக்கு மஞ்சளாக எரியும். ஒப்பித்தால் எரியாது. மதிப்பெண் வாங்கிக் காட்டி ஊர் உலகத்தையே ஏமாற்றலாம், அந்தப் பொட்டு வெளிச்சத்தை ஏமாற்ற முடியாது.

மேலிடமும் சும்மா இருக்கவில்லை. அரையாண்டுக்குள் ஒரு பள்ளியின் விளக்குகளில் மூன்றில் ஒரு பங்காவது எரியாவிட்டால் அங்கே கற்பிப்பொறி வந்து இறங்கும். பாடம் நடத்துவதெல்லாம் அதன் பாடு. ஆசிரியர்கள் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். பக்கத்து ஊரில் இறங்கிவிட்டது. அங்கே தமிழய்யா இப்போது வகுப்பு வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

கீழக்கோட்டைப் பள்ளியில் அது நடக்க விடுவதில்லை என்று மங்கையர்க்கரசி தலைகீழாக நின்று பார்த்துவிட்டார். கடினமாக நடத்துங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். கணக்கு டீச்சர் இசக்கியம்மாள் அதை அப்படியே நம்பிக் கல்லூரிக் கணக்கைப் பலகையில் எழுதினார். விளக்குகள் ஒரு நொடி பளிச்சிட்டு, மொத்தமாக அணைந்தன. பிள்ளைகள் கைகழுவிவிட்டார்கள். வீட்டுப்பாடத்தைக் கூட்டச் சொன்னார், தூங்கி வழிந்தார்கள். கண்டிப்பைக் கூட்டச் சொன்னார், பயத்துக்கு விளக்கு எரியாது என்று தெரிந்ததுதான் மிச்சம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சராசரி இறங்கிக்கொண்டே போனது.

இதோ, இன்றைக்கும் "வளை... யும்". பொறுக்க முடியாமல் முன்னால் போனார்.

"சார், கொஞ்சம் நகருங்க. பாதி வார்த்தையை நீங்க சொல்லி மீதியை அவங்க வாயில வச்சா, அவங்க எதுக்கு யோசிக்கணும்? நான் காட்டுறேன், பாருங்க."

வகுப்பின் பக்கம் திரும்பினார். ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், உள்ளே ஒரு மீன் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். "தொட்டிக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன். அந்த மீன் தண்ணிக்குள்ளேர்ந்து அண்ணாந்து பாத்தா, நான் இருக்கிறதைவிட உயரமாத் தெரிவேனா, குட்டையாத் தெரிவேனா? ஏன்?"

வகுப்பு அடங்கிப்போனது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் ஒரு பெண்ணின் விளக்கு மெல்ல மஞ்சளானது. நடு வரிசையில் இன்னொன்று. மங்கையர்க்கரசி அதைப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் அந்த அமைதி இருக்கிறதே, அதை அவரால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் போகிற யாராவது கேட்டால் வகுப்பே நடக்கவில்லை என்று நினைப்பார்கள். நாக்கு அரித்தது.

"சொல்லுங்க... உயரமாத் தெரிவீ..."

"ங்க."

எரிந்த விளக்குகளும் அணைந்தன. தங்கதுரை மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிரித்துத் தொலைத்திருந்தால்கூட மங்கையர்க்கரசிக்கு மனசு ஆறியிருக்கும்.

அன்று மாலை ஆசிரியர் கூட்டம். வழக்கமாக அவர் பேசுவார், எல்லாரும் தலையாட்டுவார்கள். "நாளையிலேர்ந்து மாத்திக்கு..." என்பார், "வோம் மேடம்" என்பார்கள், கூட்டம் முடியும். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இன்றைக்கு நன்றாக உறைத்தது. தனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டார்: நம்மால் ஏன் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை? கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு கஷ்டமான காரியம் அவர் செய்ததில்லை.

வெகுநேரம் கழித்துத் தங்கதுரைதான் வாயைத் திறந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வகுப்பு அமைதியா இருந்தா, எனக்கு நடத்தத் தெரியலைன்னு நீங்க நினைப்பீங்க. நீங்க பின்னால வந்து நின்னா எனக்குச் சத்தம் வேணும்."

கோபம் வந்தது. பிறகு அது போய் வெட்கம் வந்தது. இத்தனை நாள் ஆசிரியர்களைக் கரித்துக்கொட்டியதெல்லாம் தன் நிழலைக் கரித்துக்கொட்டியதுதான் என்று தோன்றியது. அமைதியான வகுப்புக்குள் இனி வரமாட்டேன், யாரையும் விளக்கம் கேட்கமாட்டேன், போர்ஷன் பின்தங்கினால் மேலே நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

முதல் வாரம் பள்ளி துக்க வீடாக இருந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்குகள் எரிந்தன. மீன் கேள்வி மட்டும் நாள்கணக்கில் ஓடியது. ஜன்னலோரப் பெண் ஊர்க் குளத்தில் முழுகிக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, செவசெவ என்ற கண்களோடு தங்கதுரையிடம் சண்டை போட்டாள். உயரமாகத்தான் தெரிகிறதாம், ஆனால் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் அதற்குக் காரணம் சொல்லவில்லையாம். தங்கதுரையின் மேசை விளக்கும் அன்று எரிந்தது. அரையாண்டு வந்தபோது பாதிக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. போர்ஷன் பரிதாபமாகப் பின்தங்கியிருந்தது.

மண்டலக் கூட்டத்துக்கு மங்கையர்க்கரசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். அரங்கம் நிறையத் தலைமையாசிரியர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிந்தைமானி. மண்டல மேலாளர் ஆவுடைநாயகம் மேடையேறினார்.

"சிந்தனைதான் கல்விக்கு உயிர்நா..."

"டி" என்றது அரங்கம்.

மங்கையர்க்கரசி அதைக் கவனிக்கவில்லை. ஜன்னலோரப் பெண் குறை சொன்ன அந்தப் படத்தை எப்படிப் போட்டால் காரணம் விளங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். இருண்ட அரங்கத்தில் அவருடைய விளக்கு ஒன்றுதான் எரிந்தது.

மேலாளர் கையிலிருந்த திரையைப் பார்த்தார், அந்த விளக்கைப் பார்த்தார். கீழக்கோட்டையில் பாதிக்கு மேல் காட்டுகிறது, மண்டலத்தில் வேறு எந்தப் பள்ளியும் கால்வாசியைக்கூடத் தாண்டவில்லை என்று சொல்லி நெற்றியைச் சுருக்கினார். "உங்க மானியெல்லாம் கோளாறு போல இருக்கே, மேடம். இதோ, இங்க உங்க மேசையில இருக்கிறதுகூடத் தானா எரியுது."

"கோளாறு இல்ல சார். நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அரங்கம் சிரித்தது. மேலாளரும் பொறுமையாகச் சிரித்தார். "கூட்டத்துல என்ன மேடம் யோசனை?"

பிறகு அவர் எல்லாருக்கும் பொதுவாக விதியை நினைவூட்டினார். கோளாறான மானியின் அளவு செல்லாது. செல்லாத அளவு என்றால் பூஜ்யம். மங்கையர்க்கரசிக்குத் தங்கதுரையின் முகமும், எங்கோ ஒரு வாசலில் வரிசையாக அடுக்கிய செருப்புகளும் கண்ணில் வந்து நின்றன. எழுந்து மறுத்துப் பேச வேண்டும், எதை முதலில் சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோதே மேலாளர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"பூஜ்யம்னா அந்தப் பள்ளிக்கு என்ன வரும்? கற்பிப்..."

"பொறி" என்றது அரங்கம்.

சிறுவயதில் பெஞ்சில் உட்கார்ந்தும், பிறகு பலகை முன்னால் நின்றும் ஊறிப்போன பழக்கம். மங்கையர்க்கரசியின் வாயும் அவரைக் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டது. அவர் முன்னாலிருந்த விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா, இப்ப சரியாயிடுச்சு" என்றார் மேலாளர்.