பதில் வரும் தூரம்

பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது.

சோதனை சர்வரில் திறந்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை அது. அவளும் கணவனும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்த ப்ராக்ஸி மென்பொருள். இரண்டு முனைகளுக்கு நடுவே நின்று, பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. முப்பது விநாடிக்கு ஒருமுறை மறுமுனையிடம் இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வராவிட்டால் வெட்டிவிடும்.

அந்த ஒற்றை இணைப்பு கணவனின் மடிக்கணினியிலிருந்து வந்திருந்தது. அது அவனோடும் காரோடும் நசுங்கி ஆறு வாரமாகிறது.

பதில் வந்துகொண்டே இருந்தது.

கூட வேலை செய்பவள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, சாப்டீங்களா?"

"ம்."

"பொய் சொல்றதுக்காவது கொஞ்சம் யோசிங்க. சரி, நாலு மணிக்குப் புதுப் பதிப்பு போடறேன். சர்வர்ல ஒண்ணு தொங்கிட்டு நிக்குது. செத்த இணைப்புதான், வெட்டிடவா?" சொன்ன பிறகுதான் அழைத்தவளுக்கு உறைத்தது. "அக்கா, நான் அந்த அர்த்தத்துல..."

"நானே பாத்துக்கறேன்மா. நீ தொடாத."

வெட்டவில்லை. திரைச்சீலையில் மதிய வெயில் பழுத்து நிற்க, சமையலறைக் குழாய் சொட்டும் ஓசையும், இன்னும் துவைக்க மனம் வராமல் கதவில் மாட்டியிருந்த அவன் சட்டையின் வியர்வை வாடையும் சூழ, அவள் அந்த இணைப்பைப் பற்றி சர்வர் குறித்து வைத்திருந்த பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பதிலும் வந்து சேர எடுத்த நேரம் அவற்றில் இருந்தது. தொலைவில் இருப்பது தாமதமாகச் சொல்லும், அருகில் இருப்பது உடனே சொல்லும். கடல் தாண்டியென்றால் முந்நூறு மில்லிவிநாடி ஆகலாம். அவன் போன அன்று ஒன்பதாயிரம். உலகத்தில் அவ்வளவு தூரத்தில் எந்த ஊரும் இல்லை.

அடுத்த வாரம் நாலாயிரம். நேற்று முந்நூறு. காலையில் நாற்பது, இதே ஊர். இப்போது ஐந்து.

இதே தெரு.

குழாய் சொட்டுவது நின்றது.

மூன்று.

வியர்வை வாடையோடு பெட்ரோல் வாடை.

"வேணாம்ப்பா," என்றாள். "வராத."

ஆறு வாரமாகத் தலையணைக்குள் வா வா என்று அழுத அதே வாய்.

ஒன்று.

இணைப்பை வெட்டும் கட்டளையை அடித்தாள். எழுத்துகள் தப்பின. அழித்தாள். மறுபடி அடித்தாள். என்டர் விசைக்கு விரல் போனது.

அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது.

அழுத்தவில்லை. பிடிக்கவில்லை. சண்டை போட்ட இரவுகளில் சமாதானத்துக்கு வந்து படியுமே, அப்படி. சில்லென்றிருந்தது. ஈரம். விரல் கணுக்களில் கார்க் கண்ணாடிச் சில்லுகள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற கையால் சில்லுகளை ஒவ்வொன்றாக, வலிக்காமல், ஊதி ஊதி எடுக்கத் தொடங்கினாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன.